அத்தியாயம் 6: முதலில் பொய்லர், கடைசியில் பெயின்ட்

பெயின்ட் டின்னை மூடி வையுங்கள். இந்த அத்தியாயம் முடியும்வரை அதற்கு வேலை இல்லை.

பழைய கரிக்கோச்சி எஞ்சின் ஒன்றை ஓட வைக்கலாம் என்று நாலு பேர் கூடினால், முதல் ஞாயிற்றுக்கிழமையே கம்பித் தூரிகையும் பச்சைப் பெயின்ட்டும் வந்துவிடும். பொழுது சாய்வதற்குள் சில்லெல்லாம் பளபளக்கும். எல்லோரும் எஞ்சின் மேல் ஏறி நின்று படம் எடுப்பார்கள். மூன்று மாதம் கழித்துப் பொய்லரைக் கழற்ற வரும்போது, அடித்த பெயின்ட் முழுவதையும் சுரண்ட வேண்டியிருக்கும். அதற்குள் பாதிப் பேர் வருவதை நிறுத்தியிருப்பார்கள்.

மஸ்கெலியாவுக்கு ரயில் பாதை வந்ததே இல்லை. 1884இல் ஹட்டனைத் தொட்ட கோச்சி, அடுத்த ஆண்டு சிங்கமலைச் சுரங்கம் வழியாக நானுஓயாவுக்குப் போய்விட்டது. நமக்கு ஹட்டனிலிருந்து பஸ்தான். இருந்தாலும் இந்த வேலைக்கு வேண்டிய கைகள் இங்கே நிறையவே உண்டு. ஃபெக்டரியில் ரோலர் பெயரிங்கைக் கழற்றி மாட்டிய ஃபிட்டர், ட்ரையர் அடுப்புக்கு இரவெல்லாம் விறகு தள்ளியவர், டவுனில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர் ஆகிய மூவரும் பாதி வழி வந்துவிட்டவர்கள். மீதிப் பாதிக்குத்தான் இந்த நூல்.

நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த இ.ஐ.ஆர். 21 என்ற எஞ்சின், நூறு வருடத்துக்கு மேல் காட்சிப்பொருளாக நின்றது. சென்னை பெரம்பூர் லோகோ வேலைத்தளத்தில் அதைப் பிரித்துச் சரிசெய்து 2010 ஆகஸ்ட் 15 அன்று ஓட்டினார்கள். நம்மைப் போலவே தேயிலை மலையான டார்ஜிலிங்கில், 1889இல் தொடங்கிய ‘பி’ வகை எஞ்சின்கள் இன்றும் மலை ஏறுகின்றன. இரண்டு இடத்திலும் பின்னால் ஒரு முழு வேலைத்தளம் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

தொடங்குமுன் முடிக்க வேண்டியவை

1. எஞ்சின் யாருடையது என்று எழுத்தில் தெரிந்துகொள்ளுங்கள். இலங்கையில் பழைய எஞ்சின் என்றால் அநேகமாக ரயில்வே திணைக்களத்தின் சொத்து. வாய்வார்த்தை அனுமதியோடு ஒரு நட்டைக்கூடத் தொடாதீர்கள்.

2. பொய்லருக்குக் கையெழுத்துப் போடப்போகும் பொறியியலாளரை முதல் நாளே கூட்டி வாருங்கள். எல்லாம் முடிந்தபின் அழைத்தால், அவர் கேட்கும் முதல் கேள்வி “உள்ளே எப்படி இருந்தது?” என்பதாக இருக்கும். அப்போது காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

3. கூரை. மழையில் பிரித்த எஞ்சின் பழைய இரும்புக் கடைக்குப் பாதி போய்விட்ட எஞ்சின். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குமுன் தகரம் போட்டுவிடுங்கள்.

4. கடுகண்ணாவ ரயில்வே அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள். 2014 டிசம்பரில் திறந்தது. கையில் நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். உங்கள் எஞ்சினில் காணாமற்போன ஒரு கைப்பிடி எப்படி இருந்திருக்கும் என்று அங்கே நிற்கும் இன்னோர் எஞ்சின் சொல்லும்.

அத்தியாவசியமான அளவு பாடம்

ரயில் எஞ்சினின் பொய்லர் படுத்திருக்கும் பீப்பாய். ஒரு முனையில் நெருப்புப் பெட்டி, மறுமுனையில் புகைப் பெட்டி. இரண்டுக்கும் நடுவே தண்ணீருக்குள்ளாகப் புகைக் குழாய்கள் ஓடுகின்றன. நெருப்புப் பெட்டி தண்ணீருக்குள் மூழ்கி நிற்கும் இன்னொரு பெட்டி. அக்காலத்தில் அதைச் செம்பில் செய்தார்கள். வெளிச்சுவரும் உள்சுவரும் அழுத்தத்தில் பிதுங்காமல் இருக்க, இரண்டையும் நூற்றுக்கணக்கான ஸ்டே போல்ட்கள் இழுத்துப் பிடிக்கின்றன.

மற்றவை எல்லாம் வேலையின் போதே தெரியும்.

பிரிக்கும் வரிசை

1. முதலில் படம். ஒவ்வொரு பக்கத்தையும், ஒவ்வொரு குழாய் மூட்டையும், கழற்றுமுன் எடுங்கள். உங்கள் தொலைபேசியில் மட்டும் வைத்திருந்தால் போதாது, இன்னொருவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.

2. பொய்லரைச் சுற்றியிருக்கும் தகர உறையைத் திறக்குமுன் நில்லுங்கள். உள்ளே வெள்ளையாகவோ சாம்பலாகவோ நீலமாகவோ நார் போன்ற பூச்சு இருந்தால் அது அஸ்பெஸ்டஸாக இருக்கலாம். விக்டோரியா காலத்து எஞ்சினுக்கு முதலில் மரப்பட்டிகைதான் போர்த்தியிருப்பார்கள். பிற்காலப் பழுதுபார்ப்புகளில் அஸ்பெஸ்டஸ் வந்து சேர்ந்திருக்கும். சுரண்டாதீர்கள், கூட்டாதீர்கள், காற்று பீய்ச்சாதீர்கள். அதை அகற்றப் பயிற்சி பெற்றவர்கள் வந்து முடிக்கும்வரை எஞ்சினின் வேறு பக்கத்தில் வேலை பாருங்கள். அந்தத் தூசி நுரையீரலில் செய்யும் சேதம் இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் வெளியே தெரியும்.

3. கழற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் இலக்கம். அட்டைச் சீட்டு நம் ஈரத்துக்கு ஒரு மாதம் தாங்காது. தகரத்தை வெட்டி, எண் பன்ச்சால் குத்தி, கம்பியால் கட்டுங்கள். சிறு பாகங்களுக்குப் பழைய தேயிலைப் பெட்டி நல்லது. ஒரு பெட்டிக்கு ஒரு பகுதி, மூடியில் பட்டியல்.

4. பொய்லரின் கழுவு பிளக்குகள் எல்லாவற்றையும் திறந்து, அடியில் தேங்கிய சேற்றையும் உப்புப் படிவையும் வெளியேற்றுங்கள். முதலில் வெளியே வரும் சேற்றை ஒரு போத்தலில் பிடித்து வையுங்கள். பொய்லர் எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தது என்று அது சொல்லும்.

5. புகைக் குழாய்களை வெட்டி எடுங்கள். சில குழாய்கள் நன்றாகத்தான் இருக்கின்றன என்று மனம் இரங்கும். இரங்காதீர்கள். குழாயை எடுக்காமல் பீப்பாயின் உள்வயிற்றைப் பார்க்க முடியாது. எப்படியும் புதுக் குழாய்தான் போடப்போகிறீர்கள்.

6. பொய்லரைச் சட்டத்திலிருந்து தூக்குவது கிரேன்காரரின் வேலை. சங்கிலிக் கப்பி தாங்கும் என்று யாராவது சொன்னால், எத்தனை தொன் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

*குறிப்பு:* இறுகிய நட்டை உடைக்கும் அவசரம் வேண்டாம். டீசலும் கிரீஸும் கலந்து தடவி ஒரு வாரம் விடுங்கள். பிறகு சுட வைத்து, ஆற விட்டு, திரும்பச் சுட வைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை அசையாத நட்டு செவ்வாய்க்கிழமை அசைவதை நான் பல தடவை கண்டிருக்கிறேன்.

உள்ளே இறங்கிப் பார்த்தல்

பொய்லருக்குள்ளோ நெருப்புப் பெட்டிக்குள்ளோ ஒருவர் தனியாக இறங்கக் கூடாது. வெளியே ஒருவர் நிற்க வேண்டும், அவர் வேறு வேலை பார்க்கக் கூடாது. விளக்கு 24 வோல்ட். மெயின் கரண்ட் வயரை ஈர இரும்புக்குள் இழுத்துக்கொண்டு போவதை நான் அனுமதிப்பதில்லை.

பார்க்க வேண்டிய இடங்கள் பல. அதிகம் ஏமாற்றுகிறவற்றைச் சொல்கிறேன்.

*ஸ்டே போல்ட்கள்.* சிறு சுத்தியல் எடுத்து ஒவ்வொன்றையும் தட்டுங்கள். மறுமுனையில் இன்னொருவர் கனமான இரும்பை அண்டக் கொடுத்திருக்கட்டும். நல்ல ஸ்டே கணீரென்று திருப்பி அடிக்கும், சுத்தியல் கையில் துள்ளும். முறிந்த ஸ்டே விரிசல் விட்ட பானையைத் தட்டியதுபோலச் சத்தம் கொடுக்கும். முதல் ஐம்பதில் வித்தியாசம் தெரியாது. நூறைத் தாண்டியதும் காது பழகிவிடும். பிறகு திரும்பி வந்து முதல் ஐம்பதையும் மறுபடி தட்டுங்கள். முறிந்ததற்குச் சோக்கில் பெருக்கல் குறி, சந்தேகத்துக்கு வட்டம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முறிந்திருந்தால் அந்தப் பகுதி முழுவதையும் சந்தேகப்படுங்கள். விட்டுப்போன பாரத்தை அண்டைக்காரர்கள்தானே சுமந்திருப்பார்கள்.

*தகட்டின் தடிப்பு.* அல்ட்ராசவுண்ட் மானியால் ஆறு அங்குலத்துக்கு ஒரு புள்ளி அளந்து, கட்டம் போட்ட தாளில் எழுதுங்கள். தண்ணீர் மட்டம் ஏறி இறங்கும் கோட்டிலும், அடிவயிற்றிலும், நெருப்புப் பெட்டியின் அடி வளையத்தை ஒட்டியும் இன்னும் நெருக்கமாக அளக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டுத் தகடு இன்றைய ஸ்டீல் அல்ல. அடித்து உருட்டிய தேனிரும்பாக இருக்கலாம், அதற்குள் கசடு அடுக்கடுக்காக ஓடும். மானியின் ஒலி அந்த அடுக்கில் மோதித் திரும்பினால், அரை அங்குலத் தகட்டைக் கால் அங்குலம் என்று காட்டும். ஒரே இடத்தில் அளவு திடீரென்று பாதியானால் பயப்படாதீர்கள், அதை நம்பவும் வேண்டாம். பொறியியலாளரிடம் காட்டுங்கள்.

*ஏறுமூட்டு.* பழைய பொய்லர்களில் தகட்டின் ஒரு விளிம்பை மற்றதன் மேல் ஏற்றி ரிவெட் அடித்திருப்பார்கள். அழுத்தம் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த மூட்டு நெளியும். விரிசல் இரண்டு தகட்டுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஆரம்பிக்கும். வெளியே எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கும். அக்காலத்தில் பல பொய்லர்கள் வெடித்தது இந்த இடத்தில்தான். இப்படிப்பட்ட மூட்டு இருந்தால் உங்கள் குழுவின் தீர்ப்புச் செல்லாது. அதற்கென்று பயின்ற பரிசோதகர் வர வேண்டும்.

*ஈயப் பிளக்.* நெருப்புப் பெட்டியின் கூரையில் ஈயம் ஊற்றிய பிளக் இருக்கும். சதுர அங்குலத்துக்கு 120 இறாத்தல் அழுத்தத்தில் பொய்லர்த் தண்ணீரின் சூடு ஏறக்குறைய 177 பாகை செல்சியஸ். ஈயம் உருகுவது 327இல். தண்ணீர் மூடியிருக்கும்வரை பிளக் பத்திரமாக இருக்கும். தண்ணீர் இறங்கினால் உருகி, ஆவி நெருப்பின் மேல் பாய்ந்து எச்சரிக்கும். பழைய பிளக் எவ்வளவு அழகாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது போடுங்கள்.

வழக்கமாக நடக்கும் தவறுகள் இங்கேதான் அதிகம். செம்புத் தகட்டில் டவுன் வெல்டரை விட்டு ஒட்டுப் போடுவது ஒன்று. அவர் கெட்டிக்காரர்தான், ஆனால் செம்பு வேறு வித்தை. ரிவெட் தலைகளை மணல் பீய்ச்சித் தேய்த்து மெலிய வைப்பது இன்னொன்று. எல்லாவற்றையும்விட என்னைக் கோபப்படுத்துவது, தகட்டில் குத்தியிருக்கும் பழைய எண்களை கிரைண்டரால் வழித்துவிடுவது. பொய்லரின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் அது.

பொய்லர் தேறாது என்று தீர்ப்பு வந்தால் உட்கார்ந்து அழ வேண்டாம். புதுப் பொய்லர் செய்யலாம், ஓடும் பழைய எஞ்சின்கள் பலவற்றின் பொய்லர் முதல் பொய்லர் அல்ல. திருச்சி பொன்மலை வேலைத்தளத்தில் நீலகிரி மலை ரயிலுக்காக முழு நீராவி எஞ்சினையே புதிதாகச் செய்திருக்கிறார்கள். நம் பாட்டன்மார் கப்பல் ஏறுமுன் நடந்த ஊர்ப்பக்கம்தான், வித்தை இன்னும் அங்கே இருக்கிறது.

குளிர்த் தண்ணீர்ச் சோதனை

பழுதுகள் முடிந்து, புதுக் குழாய்கள் விரித்து இறுக்கியாயிற்று. நெருப்புக்குப் போகுமுன் தண்ணீரால் சோதிக்க வேண்டும். தண்ணீர் நசுங்காது. எங்காவது விட்டுப்போனால் பீச்சியடித்துவிட்டு அழுத்தம் விழுந்துவிடும். காற்று அப்படியில்லை. பல வருடத்துக்கு முன் ஒரு தோட்டத்து ஃபெக்டரியில், சின்னத் தொட்டிதானே என்று கம்ப்ரெஸர் காற்றாலேயே சோதித்தார்கள். மூடி பறந்துபோய்க் கூரைத் தகரத்தில் தட்டு அளவு ஓட்டை போட்டது. ஆட்கள் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்ததால் தப்பினார்கள்.

1. சேஃப்டி வால்வுகளைக் கழற்றி அந்த இடங்களைக் கெட்டியாக மூடுங்கள்.
2. அடியிலிருந்து மெதுவாகத் தண்ணீர் நிரப்புங்கள். உச்சியில் ஒரு துவாரம் திறந்திருக்க வேண்டும். காற்றுக் குமிழி நின்று தண்ணீர் மட்டும் வழியும்வரை விட்டு, பிறகு மூடுங்கள்.
3. ஒரு நாள் அப்படியே விடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.
4. நெருப்புப் பெட்டியின் கூரைக்கும் தரைக்கும் நடுவே உள்ள உயரத்தை அளந்து எழுதுங்கள்.
5. ரிவெட்கள், மூட்டுகள், ஸ்டே தலைகள் மேல் சுண்ணாம்பு பூசிக் காய விடுங்கள். கசிவு கறுத்துத் தெரியும்.
6. சரிபார்த்த கேஜ் இரண்டு மாட்டி, கைப் பம்பால் ஏற்றுங்கள். 30 இறாத்தலுக்கு ஒரு தடவை நிறுத்திச் சுற்றிப் பாருங்கள்.
7. வழக்கமான இலக்கு, ஓடும் அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு. 120இல் ஓடப்போகும் பொய்லருக்கு 180. பொறியியலாளர் சொல்லும் எண்ணே முடிவு.
8. அரை மணி நேரம் நிற்கட்டும். ஓடும் அழுத்தத்துக்கு இறக்கிய பிறகே கிட்டே போய் நுணுக்கமாகப் பாருங்கள்.
9. முழுக்க இறக்கியபின் கூரை உயரத்தை மறுபடி அளந்து பாருங்கள். பழைய அளவுக்குத் திரும்பாவிட்டால் தகடு நிரந்தரமாக வளைந்துவிட்டது என்று பொருள்.

அழுத்தம் இருக்கும்போது எந்த நட்டையும் இறுக்கக் கூடாது. பிளக்குக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது.

ஒரு நாள் விடச் சொன்னதன் காரணம் இதுதான். ஓடையிலிருந்து நேரே பிடித்த தண்ணீர் பனிபோல இருக்கும். அதை நிரப்பிய இரும்பின் மேல் நம் மூடுபனி பட்டதும் பொய்லர் முழுவதும் வியர்க்கும். எது வியர்வை, எது கசிவு என்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீரும் இரும்பும் கொட்டகையின் சூட்டுக்கு வரட்டும், உலர்ந்த மத்தியானமாகப் பார்த்துச் சோதியுங்கள்.

குடிக்கும் தண்ணீர்

தாழ்நில எஞ்சின்களுக்குத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், படிவு கட்டும். நம் மலை ஓடைத் தண்ணீர் அப்படியல்ல. மிருதுவானது, சற்றே அமிலம் கலந்தது. அதில் சோப்பு நன்றாக நுரைக்கும், ஆனால் அந்தத் தண்ணீர் இரும்பைத் துளை துளையாகத் தின்னும். அதனால் சோடா வகை மருந்து போட்டு, பொய்லர்த் தண்ணீரின் பி.எச். அளவை 11ஐ ஒட்டி வையுங்கள். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் சோதித்து எழுதுங்கள்.

ஆக்சிஜனைப் பிடிக்க டேனின் சேர்ப்பதுண்டு. “அப்படியானால் சாயத்தண்ணி ஊற்றலாமா?” என்று எப்போதும் ஒருவர் கேட்பார். வேண்டாம். வாட்டில் மரப்பட்டை போன்றவற்றிலிருந்து எடுத்து அளந்து கலந்த மருந்து அது. தேயிலைச் சக்கை, பொய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டரை அடைப்பதோடு சரி.

ஓடும் பாகங்கள், சுருக்கமாக

ஃபெக்டரி ஃபிட்டருக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. வெள்ளை உலோகம் ஊற்றிய பெயரிங், ஷாஃப்ட் நேர் பார்ப்பது, எண்ணெய்த் திரி எல்லாம் அதே சங்கதி. இரண்டு விஷயம் மட்டும் புதிது. அச்சு, கனெக்டிங் ரொட், கிராங்க் பின் மூன்றையும் சாய ஊடுருவல் முறையிலோ காந்த முறையிலோ விரிசலுக்குச் சோதித்தே தீர வேண்டும். நூறு வருட இரும்பின் களைப்பு கண்ணுக்குத் தெரியாது. அடுத்தது, சிலிண்டருக்கு அதற்கென்றே உள்ள கனத்த நீராவி எண்ணெய். லொறி எண்ணெய் ஆவிச் சூட்டில் நிற்காது.

முதல் நெருப்பு

1. சேஃப்டி வால்வு இரண்டு, தண்ணீர் காட்டும் கண்ணாடி இரண்டு, தண்ணீர் ஏற்ற இரண்டு வழிகள். இந்த மூன்று ஜோடியில் ஒன்று குறைந்தாலும் தீக்குச்சி கிழிக்காதீர்கள்.

2. சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை. கைபிரேக் இறுக்கம். சிலிண்டருக்கு ஆவி விடும் ரெகுலேட்டர் மூடியது. சிலிண்டர் வடிகுழாய்கள் திறந்தவை.

3. கண்ணாடியில் முக்கால் பங்கு தண்ணீர்.

4. காய்ந்த டர்பன்டைன் விறகு நாலு. அவ்வளவுதான். முதல் நாள் பொய்லரைக் கைவைக்க முடியாத சூட்டுக்கு மட்டும் கொண்டுபோய், நெருப்பை அணைய விடுங்கள். செம்பும் இரும்பும் ஒரே அளவில் விரிவதில்லை. அவசரப்பட்டால் புதுக் குழாய் முனையெல்லாம் அழ ஆரம்பிக்கும்.

5. மறுநாள் குளிர்ந்தபின் எல்லா மூட்டையும் பார்த்து, மறுபடி மூட்டுங்கள். ஒரு பகல் முழுக்க எடுத்துக்கொண்டு மெதுவாக அழுத்தம் ஏறட்டும்.

6. 20 இறாத்தல் வந்ததும் கண்ணாடிக் குழாய்களை ஒவ்வொன்றாக ஊதிச் சோதியுங்கள். தண்ணீர் துள்ளி உடனே திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் வழி அடைத்திருக்கிறது, அது பொய் சொல்லும் கண்ணாடி.

7. இன்ஜெக்டர் இரண்டையும் அழுத்தம் பாதியில் இருக்கும்போதே வேலை செய்ய வைத்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் முதலில் தொட்டித் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். சூடாகியிருந்தால் இன்ஜெக்டர் பிடிக்காது.

8. சேஃப்டி வால்வு குறித்த இறாத்தலில் திறக்க வேண்டும். பொறியியலாளர் முன்னிலையில் பெரிய நெருப்புப் போட்டு, வால்வு திறந்திருக்கும்போது அழுத்தம் எவ்வளவு தாண்டுகிறது என்று பாருங்கள். பத்து வீதத்துக்கு மேல் தாண்டினால் நெருப்பைக் குறைத்துவிட்டு வால்வுக்குத் திரும்புங்கள்.

மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றினால், 1969இல் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும். பார்க்கக் கூட்டம் போகும். பொய்லரில் தண்ணீர் வற்றி நெருப்புப் பெட்டியின் கூரை வெளியே தெரிந்தால் பார்ப்பதற்கு நீங்கள் இருக்க மாட்டீர்கள். கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லையா? இன்ஜெக்டரைத் தொடாதீர்கள். பழுக்கக் காய்ந்த தகட்டில் தண்ணீர் விழுந்தால் நிலைமை மோசமாகும். ஈர மண்ணாலோ ஈரச் சாம்பலாலோ நெருப்பை மூடுங்கள், எல்லோரையும் விலக்குங்கள்.

முதல் நகர்வு

சமதளத்தில், ஐம்பது யார் பாதை போதும். மலைநாட்டுப் பாதையின் சரிவு 44க்கு 1. அதாவது 44 அடி போனால் ஓர் அடி ஏற்றம். பிரேக்கைச் சோதிக்காத எஞ்சினை அங்கே கொண்டுபோவது பற்றிப் பேசவே வேண்டாம்.

வடிகுழாய்கள் திறந்தபடியே ரெகுலேட்டரை மயிரிழை திறந்து மூடுங்கள். சிலிண்டருக்குள் குளிர்ந்து தேங்கிய தண்ணீர் சீறிக்கொண்டு வெளியேறும். அது வெறும் ஆவியாக மாறும்வரை பொறுங்கள். தண்ணீரோடு பிஸ்டன் நகர்ந்தால் சிலிண்டர் மூடி உடையும். பிறகு கட்டைகளை எடுத்து, ரெகுலேட்டரை இன்னும் கொஞ்சம் திறவுங்கள். பத்து யார் போய் நிறுத்துங்கள். இறங்கி ஒவ்வொரு பெயரிங்கையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். புறங்கையைச் சுட்டால் அன்றைய ஓட்டம் அவ்வளவுதான்.

ஓட்டம் முடிந்ததும் நெருப்பை வழித்து எடுத்து, கண்ணாடி நிறையத் தண்ணீர் ஏற்றி வையுங்கள். சூட்டோடு சூடாகக் கழுவ வேண்டாம். தானாக ஆறட்டும், கழுவுவது நாளைக்கு அல்லது நாளன்றைக்கு. பதிவேட்டில் நேரம், இறாத்தல், தண்ணீர், கசிந்த இடம் எல்லாம் எழுதுங்கள். நெருப்பு முழுக்க இல்லை என்று உறுதியானபின் புகைபோக்கியின் வாயைத் தகர மூடியால் மூடுங்கள். இரவில் மழை பெய்தால் புகைப் பெட்டிச் சாம்பல் நனைந்து, விடிவதற்குள் அமிலக் கூழாகிவிடும்.